ஐந்து பைகளில் தொடங்கும் மாடித் தோட்டம்

மாடித் தோட்டம் போட ஆசைப்பட்டு யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஐந்து பைக்கு மேல் வாங்காதீர்கள் என்பதுதான். குரோம்பேட்டையில் வாடகைக்கு இருந்த வீட்டின் மொட்டை மாடியில் நான் முதன்முதலாகத் தொடங்கியபோது ஒரே நாளில் முப்பது பை, பதினைந்து வகை விதை, இரண்டு மூட்டை உரம் என்று வாங்கிப் போட்டேன். முதல் மாதம் எல்லாம் பச்சைப் பசேலென்று இருந்தது. மூன்றாவது மாதத்தில் பாதிச் செடிகள் போய்விட்டன. தண்ணீர் ஊற்றி முடிக்கவே ஒரு மணி நேரம் பிடித்ததால், எந்தச் செடிக்கு என்ன குறை என்று நின்று பார்க்க நேரமே கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் ஐந்து பையோடு மறுபடி தொடங்கினேன். இரண்டில் கீரை, ஒன்றில் வெண்டை, ஒன்றில் கத்தரி, ஒன்றில் புதினா. தினமும் பத்து நிமிஷம் போதுமாக இருந்தது. ஒரு இலை சுருண்டால்கூட அன்றைக்கே கண்ணில் பட்டது.

அந்த ஐந்து பைக்கான வழியைத்தான் இங்கே சொல்கிறேன். சென்னை போல வெயிலும் போர்வெல் தண்ணீரும் உள்ள ஊரை மனதில் வைத்து எழுதுகிறேன். திருச்சி, மதுரை என்றாலும் பெரும்பாலும் இதுவே பொருந்தும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு விதைக்கிற பருவமான பட்டமும் வேறு, பயிரும் வேறு.

முதலில் வெயில், பிறகு பை

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்காக ஒதுக்குங்கள். காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை, மணிக்கு ஒரு முறை மாடிக்கோ பால்கனிக்கோ போய் எங்கே வெயில் விழுகிறது என்று பாருங்கள். சாக்பீஸால் தரையில் கோடு போட்டு வைத்தால் இன்னும் நல்லது. ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் விழும் இடத்தில் வெண்டை, கத்தரி, தக்காளி, மிளகாய் என்று காய்க்கிற எதையும் வைக்கலாம். மூன்று, நான்கு மணி நேரம்தான் என்றால் கீரை, புதினா, கற்பூரவல்லி, வல்லாரை. அதற்கும் குறைவு என்றால் காய்க்கு ஆசைப்படாதீர்கள். செடி நெடுநெடுவென்று வளருமே தவிர பூ வைக்காது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சித்திரையில் நீங்கள் பார்த்த வெயில் மார்கழியில் அதே இடத்தில் இருக்காது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். தண்ணீர்த் தொட்டிக்கோ பக்கத்துக் கட்டடத்துக்கோ வடக்கே இருக்கிற இடங்களில் நிழல் நீண்டுவிடும். அதனால் தொட்டிக்கு வடக்கே வைக்கும் பைகளை நகர்த்தக்கூடிய அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு உள்ள பயம் இரண்டுதான்: பாரம், கசிவு. இரண்டும் நியாயமான பயம். 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள பையில் ஏறக்குறைய 20 லிட்டர் மண் கலவை பிடிக்கும். அதை ஒரு ஆள் தூக்கி நகர்த்தலாம். 24 அங்குலப் பையை நிரப்பித் தண்ணீரும் ஊற்றினால் 100 கிலோவைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட பெரிய பைகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ ஓடுகிற ஓரங்களில் வையுங்கள். எந்தப் பையையும் தரையில் நேராக வைக்கக் கூடாது. அடியில் நான்கு செங்கல் வைத்து அதன்மேல் வைத்தால் தண்ணீர் தேங்காது, தரை காயும், பெருக்கவும் வசதி. பைக்கு அடியில் தட்டு வைப்பதானால் அதில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். டெங்கு பரப்பும் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

மண் கலவை

நேரமும் பணமும் கொஞ்சம் அதிகமாகச் செலவிட வேண்டிய இடம் இதுதான். நிலத்தில் வேர் தனக்கு வேண்டியதைத் தேடிக்கொண்டு ஆழமாகப் போகும். பையில் அது எங்கே போகும்? நாம் கொடுத்ததுதான் அதற்கு எல்லாம்.

செம்மண் ஒரு பங்கு, கோகோ பீட் என்கிற தேங்காய் நார்த் துகள் ஒரு பங்கு, மக்கிய சாணி எருவோ மண்புழு உரமோ ஒரு பங்கு. இந்தக் கணக்கு எனக்கு இதுவரை தவறியதில்லை. செம்மண் சத்தைப் பிடித்து வைக்கும். கோகோ பீட் ஈரத்தைப் பிடித்து வைப்பதோடு பையின் எடையையும் குறைக்கும். எரு உணவு. இவற்றோடு ஒரு பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள் கலந்தால் வேர்ப்பூச்சி அண்டாது. சூடோமோனாஸும் டிரைக்கோடெர்மா விரிடியும் கிடைத்தால் தலா ஒரு ஸ்பூன் சேருங்கள். வேர் அழுகல், நாற்றழுகல் நோய்களைத் தடுக்கும் நல்ல நுண்ணுயிரிகள் இவை.

கோகோ பீட் 5 கிலோ கட்டியாக வரும். தண்ணீர் ஊற்றினால் 60 லிட்டருக்கும் மேலாக உப்பிவிடும், எனவே ஐந்து பைக்கு ஒரு கட்டி போதும். பலர் அதை ஊறவைத்து அப்படியே கலந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். தேங்காய் மட்டையில் இயல்பாகவே உப்பும் துவர்ப்பும் உண்டு. ஊறவைத்து, பிழிந்து, வருகிற பழுப்பு நீரைக் கொட்டிவிட்டு, மறுபடி நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை செய்தால் தண்ணீர் வெளுத்து வரும். முளைத்த நாற்று காரணமே தெரியாமல் கருகுவதற்கு இந்தக் கழுவாத கோகோ பீட் ஒரு முக்கியமான காரணம்.

எரு வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். நன்றாக மக்கியது என்றால் சாணி வாடை இருக்காது. மழை பெய்த மண் போல வாசனை வரும், கையில் குளிர்ச்சியாக உதிரும். வாடை அடித்தாலோ உள்ளே சூடாக இருந்தாலோ அது மக்கவில்லை. அதைப் போட்டால் வேர் வெந்துபோகும். மக்காத எருவில் கட்டை விரல் அளவு வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடப்பதும் உண்டு. வண்டின் புழுக்கள் அவை, வேரைத் தின்றுவிடும். பொறுக்கி எறிந்துவிட்டு எருவை இன்னும் ஒரு மாதம் நிழலில் ஈரமாக வைத்திருந்து பயன்படுத்துங்கள்.

கலவையைப் பையில் விளிம்பு வரை நிரப்பாதீர்கள். மேலே இரண்டு அங்குலம் விடுங்கள், இல்லாவிட்டால் ஊற்றுகிற தண்ணீர் மண்ணை வெளியே அடித்துக்கொண்டு போகும். நிரப்பியதும் தண்ணீர் தெளித்து ஒரு வாரம் பத்து நாள் அப்படியே விடுங்கள். அதற்குள் கலவை ஆறி அடங்கும். விதைக்கிற அவசரத்தில் இந்தப் பத்து நாளைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பையின் அளவு: கீரைக்கு ஆழம் வேண்டாம், அகலம்தான் வேண்டும். அரை அடி ஆழமுள்ள பழைய பிளாஸ்டிக் டப்பில் அடியில் நான்கைந்து துளை போட்டால் போதும். வெண்டை, கத்தரி, தக்காளிக்கு 15 அங்குலப் பை. கொடிகளுக்கு 18 அங்குலத்துக்குக் குறையாமல். மாவட்டங்களில் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித் தோட்டத் தளை என்ற பெயரில் பை, விதை, கோகோ பீட் எல்லாம் சேர்த்துத் தருவதுண்டு. உங்கள் பகுதித் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வாங்கினால் செலவு குறையும்.

முதல் மாதம் கீரை மட்டும்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தக்காளியில்தான் தொடங்க ஆசைப்படுகிறார்கள். தக்காளி மூன்று மாதப் பயிர், நோயும் அதிகம். முளைக்கீரையோ விதைத்த 25 நாளில் சட்டிக்கு வந்துவிடும். முதல் மாதமே வீட்டில் நாம் விதைத்ததைக் கடைந்து சாப்பிட்டால் இரண்டாவது மாதமும் மாடி ஏற மனசு வரும். அதனால்தான் கீரை.

முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை விதைகள் கடுகைவிடச் சிறியவை. ஒரு ஸ்பூன் விதையோடு நாலு ஸ்பூன் உலர்ந்த மணலைக் கலந்து ஈரமான மண்மேல் பரவலாகத் தூவுங்கள். அதன்மேல் மெல்லிசாக மண்ணையோ எருவையோ தூவி மூடினால் போதும். ஆழமாகப் போனால் முளைக்காது. பூவாளியால் மட்டும் தண்ணீர் தெளிக்க வேண்டும். செம்பால் ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். முளை தெரியும் வரை நனைந்த சாக்கையோ செய்தித்தாளையோ மூடி வைத்து, மூன்றாம் நாள் எடுத்துவிடுங்கள்.

விதைத்தது முளைக்கவே இல்லையே என்று நினைக்கும் முன் எறும்பைப் பாருங்கள். கீரை விதையை ஒன்றுவிடாமல் தூக்கிக்கொண்டு போய்விடும். பையைச் சுற்றிக் கொஞ்சம் அரிசி நொய் தூவி வைத்தால் எறும்பு அதை இழுத்துக்கொண்டு போகும், விதையை விட்டுவிடும். எங்கள் அம்மா கொல்லையில் செய்து பார்த்தது, மாடியிலும் பலிக்கிறது.

முளைக்கீரையை வேரோடு பிடுங்குங்கள். அரைக்கீரையைப் பிடுங்காமல் அடியில் இரண்டு அங்குலம் விட்டு நறுக்குங்கள், திரும்பத் திரும்பத் துளிர்க்கும். மாதக்கணக்கில் ஒரே பையில் அறுக்கலாம். ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் ஒரு கைப்பிடி மண்புழு உரம் தூவ வேண்டும். பொன்னாங்கண்ணிக்கும் கொடிப்பசலைக்கும் விதையே தேடாதீர்கள். கடையில் வாங்கிய கட்டில் முற்றிய தண்டை எடுத்து ஊன்றினால் ஒரு வாரத்தில் துளிர்க்கும்.

வெந்தயக்கீரைக்கு அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற வெந்தயமே போதும். இரவு ஊறவைத்துக் காலையில் விதைத்தால் மூன்றாம் நாள் முளை, மூன்று வாரத்தில் கீரை.

வாசனைச் செடிகள்

கொத்தமல்லிதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. அதற்குக் காரணங்கள் மூன்று. கடையில் வாங்கும் தனியா பழையதாக இருக்கும். முழுதாக விதைத்தால் தாமதமாகும். செருப்பாலோ பூரிக்கட்டையாலோ லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். அப்படியும் முளைக்க பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம் ஆகும். நான்காம் நாளே கிளறிப் பார்க்காதீர்கள். மூன்றாவது காரணம் வெயில். சித்திரை வெயிலில் விதைத்தால் இலை பிடிக்கும் முன்னே பூத்துவிடும். ஐப்பசியிலிருந்து தை வரை விதைத்தால் சென்னையிலும் நன்றாக வரும்.

புதினா எளிது. சமையலுக்கு வாங்கிய கட்டில் தடிமனான தண்டுகளைப் பொறுக்கி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரத்தில் வெள்ளை வேர் விடும். அகலமான டப்பில், அரை நிழலில் நட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கற்பூரவல்லிக்கு ஒரு கிளையை ஒடித்து ஊன்றினால் போதும், வேறு எதுவும் செய்ய வேண்டாம். தூதுவளை, துளசி இரண்டும் இருந்தால் மழைக்காலச் சளிக்கு மாடிக்குப் போய்வந்தால் போதும்.

கறிவேப்பிலைக்குப் பொறுமை வேண்டும். முதல் வருஷம் அது வளர்வதே தெரியாது. அந்த வருஷம் இலை பறிக்காதீர்கள். ஒன்றரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளைகள் வரும். பிறகு இலையாக உருவாமல் கொத்தாக ஒடித்து எடுத்தால்தான் மறுபடி துளிர்க்கும். புளித்த மோரைத் தண்ணீரோடு கலந்து மாதம் ஒரு முறை வேரில் ஊற்றுவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். இலை நல்ல பச்சையாக வருவதை நானும் பார்த்திருக்கிறேன். இலைமேல் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள். அது எச்சம் இல்லை, எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. சின்னச் செடியை இரண்டு நாளில் மொட்டையாக்கிவிடும். கையால் எடுத்து வேறு இடத்தில் விட்டுவிடலாம்.

பிறகு காய்கள்

கீரை கைக்கு வந்ததும் காய்க்குப் போகலாம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பைக்கும் பொருந்தும். ஜூலை நடுவில் விதைத்தால் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்குள் செடி காலூன்றிவிடும். அடுத்த நல்ல பட்டம் தை. கோடை தொடங்கும் முன் காய்ப்புக்கு வந்துவிடும். கார்த்திகை அடைமழையில் நாற்று நடுவதையும் அக்னி நட்சத்திரத்தில் விதைப்பதையும் முதல் வருஷம் தவிர்த்துவிடுங்கள்.

வெண்டையை நேராகப் பையிலேயே விதைக்க வேண்டும். பிடுங்கி நட்டால் பிடிக்காது. இரவு ஊறவைத்து, ஒரு பையில் இரண்டு குழி, குழிக்கு இரண்டு விதை, முளைத்ததும் நல்லதை விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். 45 நாளில் முதல் காய். ஆனால் ஒரு செடி ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒன்றிரண்டு காய்தான் தரும். நாலு பேர் வீட்டுக்கு ஒரு பொரியலுக்கு வேண்டுமென்றால் எட்டுச் செடியாவது வேண்டும். முதல் பட்டத்தில் இரண்டு செடியை வைத்துப் பழகிவிட்டு, அடுத்த பட்டத்தில் கூட்டிக்கொள்ளுங்கள். காயை முற்ற விட்டால் செடி அடுத்த பூ வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். இலை நரம்பு மஞ்சளாகி வலை போலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய், மருந்து கிடையாது. அந்தச் செடியை உடனே பிடுங்கிவிடுங்கள், மற்றதாவது தப்பும்.

கத்தரி புதியவர்களுக்கு மிக நல்ல செடி. குழித்தட்டிலோ பழைய டம்ளரிலோ விதைத்து, 30 நாள் நாற்றாக மாலை நேரத்தில் நடுங்கள். நட்ட 60, 70 நாளில் காய்க்கும். பையொன்றுக்கு ஒரு செடி. காய்ப்பு ஓய்ந்ததும் பிடுங்காமல், அரை அடி விட்டு மேலே உள்ள கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து எருவிட்டால் மறுபடி துளிர்த்து இன்னொரு சுற்று காய்க்கும். நன்றாக இருந்த செடியின் நுனி மட்டும் திடீரென்று தொங்கினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்டுக்குள் புழு இருக்கிறது. தொங்கும் நுனியைக் கீழே இரண்டு அங்குலம் சேர்த்து வெட்டி, பிளந்து பார்த்தால் தெரியும். வெட்டியதை மாடியிலேயே போடாமல் அழித்துவிடுங்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரகங்கள் எல்லாம் கிடைக்கின்றன. ஆனால் உங்கள் வீட்டில் எந்தக் கத்தரிக்காய்க்கு ருசி பழகியிருக்கிறதோ அந்த நாட்டு ரகத்தைத் தேடி வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

தக்காளிக்கு வரும்போது, நாற்றை முதல் இலை வரை மண்ணில் புதைத்து நடுங்கள். புதைந்த தண்டிலும் வேர் விடும். நட்ட அன்றே பக்கத்தில் குச்சி ஊன்றிவிட வேண்டும், பிறகு ஊன்றினால் வேர் அறுபடும். பூத்த பிறகு காலை பத்து மணி வாக்கில் செடியை லேசாகத் தட்டிவிடுங்கள், மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். கடும் கோடையில் பூ கொட்டுவது இயல்பு, வருத்தப்பட வேண்டாம். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குடம் குடமாக ஊற்றினால் பழம் வெடிக்கும். அணில் வருகிற மாடி என்றால் பழம் லேசாக நிறம் திரும்பியதுமே பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள்.

கொடிகளைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள்: பூ நிறைய வருகிறது, காய் நிற்கவில்லை. பீர்க்கு, சுரை, புடலை, பாகல், பூசணி எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிரத்தான் செய்யும். பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் ஒன்று ஒட்டியிருக்கும். மூன்றாம் நான்காம் மாடியில் தேனீ வராவிட்டால் அந்தப் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடும். அப்போது நாம்தான் தேனீயின் வேலையைச் செய்ய வேண்டும். அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பீர்க்கும் சுரையும் மாலையில் மலரும். பூசணியும் பாகலும் காலையில். சுரைப் பூவைத் தேடிக் காலை ஒன்பது மணிக்குப் போனால் வாடிய பூதான் கிடைக்கும்.

தண்ணீர்

தண்ணீர் போதாமல் செத்த செடிகளைவிடத் தண்ணீர் மிஞ்சிச் செத்தவைதான் நான் பார்த்ததில் அதிகம். கோகோ பீட் கலந்த மண் மேலே வெளுத்துக் காய்ந்து தெரியும், ஒரு அங்குலம் கீழே சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும். கண்ணை நம்பாதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். விரல் நுனியில் மண் ஒட்டினால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். ஒட்டவில்லை என்றால், அடித் துளையில் லேசாகக் கசியும் வரை ஊற்றுங்கள். பழுப்பாக நிறைய வழிந்தால் சத்தும் சேர்ந்து போகிறது என்று பொருள்.

நேரம் காலை எட்டு மணிக்குள். கோடையில் மாலையிலும் ஒரு முறை. நண்பகலில் இலைகள் துவண்டிருந்தால் பதறி ஊற்றாதீர்கள். வெயிலைத் தாங்க இலை அப்படித் தொங்கும். மாலையிலும் நிமிராமல் இருந்தால்தான் தாகம். பங்குனி கடைசியிலிருந்து ஆனி வரை பச்சை நிழல்வலை, பாதி வெயிலை மட்டும் விடுகிற வகை, கட்டினால் கீரையும் நாற்றும் பிழைக்கும். மண்மேல் காய்ந்த இலைச் சருகை இரண்டு அங்குலம் பரப்பினால் தண்ணீர்த் தேவை கண்கூடாகக் குறையும். பணம் செலவில்லாத இந்த ஒரு காரியத்தைச் செய்யாத மாடிகள்தான் அதிகம்.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் சில மாதங்களில் பையின் விளிம்பில் வெள்ளையாகப் படியும், இலை ஓரம் கருகும். மழைக்காலத்தில் பைகளை நன்றாக நனைய விடுங்கள், உப்பு கழுவிப் போய்விடும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து நாற்றுகளுக்கு ஊற்றலாம், அதில் உப்பு இல்லை. ஆர்ஓ கருவி வெளியேற்றும் கழிவு நீரை ஊற்றாதீர்கள். உள்ளே போன தண்ணீரைவிட அதில் உப்பு கூடுதல். அரிசி களைந்த நீர் நல்லது, அன்றைக்கே ஊற்றிவிட வேண்டும்.

உரம் என்று பெரிய பட்டியல் வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம். பூக்கும் சமயத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து இலைமேல் தெளிக்கலாம். சமையலறைக் கழிவில் காய்த்தோல், வாழைத்தோல், டீத்தூள் ஆகியவற்றைத் துளையிட்ட பானையில் போட்டு, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு என்று அடுக்கி, புளித்த மோர் தெளித்து வாரம் ஒரு முறை கிளறினால் இரண்டு மாதத்தில் உரம். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம்.

பூச்சி

காலையில் தண்ணீர் ஊற்றும்போது இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பூச்சி மேலே உட்காராது. சாறு உறிஞ்சும் அசுவினியும் வெள்ளை மாவு போல ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியும் பத்து இருக்கும்போது தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே போய்விடும். ஆயிரம் ஆன பிறகு எதைத் தெளித்தாலும் பாதிதான் போகும். எறும்பு வரிசையாகச் செடியில் ஏறினால் மேலே மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது என்று அறியலாம். அவை சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கிறது.

வேப்பெண்ணெய் 5 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீர். எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்பதால் முதலில் காதி சோப்புக் கரைசலில் எண்ணெயை விட்டு, பால் போல வெளுக்கும் வரை கலக்கிவிட்டுப் பிறகு தண்ணீர் சேருங்கள். மாலையில் மட்டும் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும், காலையில் தெளித்தால் தேனீ பாதிக்கும். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். இலை சுருண்ட மிளகாய்க்கும் இதுதான்.

ரசாயன மருந்தை மாடிக்கு ஏற்ற வேண்டாம் என்று நான் சொல்வது, அடுத்த நாளே அந்தக் காயைச் சாப்பிடப் போகிறோம் என்பதற்காக மட்டும் இல்லை. 2008இல் கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் காணப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழ்நாடு முழுக்கப் பரவியது. மருந்தடித்து அதை அடக்க முடியவில்லை. 2010இல் அசெரோஃபேகஸ் என்ற மிகச் சிறிய குளவி இனத்தைப் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து, பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு வளரும் குளவி அது. அதுதான் அந்தப் பூச்சியை அடக்கியது. உங்கள் மாடிக்கும் பொறிவண்டும் சிலந்தியும் குளவியும் தாமாக வரும். மருந்து தெளித்தால் முதலில் சாவது அவைதான்.

பழம்

முதல் வருஷத்தில் ஒரே ஒரு பழச்செடி வையுங்கள். 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக அறுத்து அதில் வைப்பது நல்லது. எலுமிச்சை, கொய்யா, மாதுளை, சப்போட்டா எதுவானாலும் பதியனோ (தாய்ச் செடியின் கிளையிலேயே வேர்விடவைத்துப் பிரித்தது) ஒட்டுச் செடியோ (வேறொரு செடியின் வேர்ப்பகுதியில் நல்ல ரகத்தின் கிளையை ஒட்டியது) வாங்குங்கள். விதையில் முளைத்தது காய்க்கப் பல வருஷம் ஆகும். ஒட்டுச் செடியில் ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்களை விடாமல் கிள்ள வேண்டும். கிள்ளாமல் விட்டால் ஒட்டின பகுதி செத்து, கீழிருக்கும் காட்டுச்செடி மரமாகிவிடும். கொய்யாவை ஆளுயரத்துக்கு மேல் விடாமல் கவாத்து செய்தால் புதுக் கிளைகளில் பூக்கும்.

சீக்கிரம் பழம் வேண்டும் என்றால் பப்பாளி. ரெட் லேடி வகையில் ஆண் மரத் தொல்லை இல்லை, நட்ட ஒன்பது பத்து மாதத்தில் பழம் பறிக்கலாம். வேரில் ஒரு நாள் தண்ணீர் தேங்கினாலும் பப்பாளி தாங்காது. புயல் எச்சரிக்கை வந்தால் காயோடு இருக்கிற மரத்தைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

விதை எடுப்பது

பட்டம் முடியும்போது நன்றாகக் காய்த்த, நோய் வராத ஒரு வெண்டைச் செடியில் இரண்டு காயைப் பறிக்காமல் விடுங்கள். செடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும்போது பறித்து விதையை எடுங்கள். கத்தரியில் காய் மஞ்சளாகப் பழுத்த பிறகு எடுத்து, தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்கும் விதையை மட்டும் நிழலில் உலர்த்துங்கள். வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகங்களில் இப்படி எடுத்தால் அடுத்த தலைமுறை தாயைப் போல இருக்காது. அதனால் நாட்டு ரகங்களில் மட்டும் செய்யுங்கள். சாம்பல் கலந்து, ஒரு துண்டு வசம்பையும் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, ரகத்தின் பெயரையும் எடுத்த மாதத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஆடி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது, அந்த டப்பாவிலிருந்து பத்து விதையை எடுத்து ஈரத்துணியில் மடித்து வையுங்கள். நாலைந்து நாளில் பிரித்துப் பாருங்கள். எட்டு முளைத்திருந்தால் வழக்கம்போல விதைக்கலாம். ஐந்துதான் என்றால் குழிக்கு நான்கு விதையாகப் போடுங்கள். இரண்டு மூன்றுக்கு மேல் முளைக்கவில்லை என்றால் புது விதை வாங்க இன்னும் நாள் இருக்கிறது.